கோதுமைக் கணக்கு

‘அமெரிக்க ஏகாதிபத்தியம்’ என்ற தொடர் நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை முறை அச்சேறியிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இடதுசாரி நண்பர்கள் அதை வசையாக வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், அந்தத் தொடரை எழுதுகிறவனுக்குக் கவிதை தெரியாது என்பதற்கு அத்தாட்சியாக அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் இரு தரப்பாருக்கும் ஏற்படவில்லை. நான் பகலில் கள்ளக்குறிச்சியில் ஒரு பாங்க் கிளையில் குமாஸ்தா. மாலையில் விமர்சனம் எழுதுகிறவன். இரண்டுக்கும் ஒட்டோ உறவோ கிடையாது என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. ஏகாதிபத்தியம் என்ற சொல் எனக்குப் பிடிபட்டது மூன்று பணப் பட்டுவாடாக்களைப் பற்றிப் படித்தபோதுதான்.

1

முதலாவது, 1898 டிசம்பர் 10 அன்று பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தம். அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினோடு போர் தொடங்கிய அமெரிக்கா ஆகஸ்டுக்குள் அதை முடித்துவிட்டது. போர்ட்டோரிக்கோவும் குவாமும் கைக்கு வந்தன. இடையில் ஜூலையில் ஹவாயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிலிப்பைன்ஸுக்கு மட்டும் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. நிலம் வாங்கி விற்பவர்களின் பத்திரங்கள் எங்கள் கிளைக்குத் தினமும் வருகின்றன. விற்பவர், வாங்குபவர், நான்கு எல்லை, சாட்சிகள் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாரிஸ் பத்திரத்தில் விற்பவர் உண்டு, வாங்குபவர் உண்டு. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் தரப்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. பிலிப்பைன்ஸ் தூதராகப் போன ஃபெலிப்பே அகோன்சில்லோவைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அருகில் விடவில்லை. 1899 பிப்ரவரியில் வாங்கியவனுக்கும் வாழ்ந்தவனுக்கும் சண்டை மூண்டது. அதே மாதம், பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், வெள்ளைக்காரனின் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுமாறு அமெரிக்காவுக்குக் கவிதையில் புத்திமதி சொன்னார். 1902-ல் சண்டை முடிந்ததாக அறிவித்தபோது, போரிலும் பஞ்சத்திலும் காலராவிலுமாகக் குறைந்தது 2 லட்சம் சாதாரண ஜனங்கள் மாண்டிருந்தார்கள் என்பது சரித்திர ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சண்டை முடிவதற்கு முன்பே, 1901 ஆகஸ்டில், ‘தாமஸ்’ என்ற ராணுவக் கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் போய் இறங்கினார்கள். சொல்லிக் கொடுக்கப் போனது ஆங்கிலத்தில். பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு இந்தக் கப்பலைத் தாண்டிச் சுலபமாகப் போக முடியவில்லை.

எங்கள் பாடத்திட்டத்தில் அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். எமர்சன், விட்மன், ஃப்ராஸ்ட், ஹெமிங்வே. மார்க் ட்வைன் சிறுவர்களுக்கு நதியில் தெப்பம் விடும் தாத்தாவாக வந்து போனார். அவர் 1896-ன் தொடக்கத்தில் இந்தியாவில் இரண்டு மாதங்களுக்கு மேல் சுற்றினார். கல்கத்தாவில் கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் தங்கி, இலங்கைக்குப் போனார். பதிப்புத் தொழிலில் நொடித்துப்போய், கடன்காரர்களுக்குப் பைசா பாக்கியில்லாமல் தீர்ப்பதற்காக மேடை மேடையாகப் பேசக் கிளம்பிய பயணம் அது. ஆரம்பத்தில் அமெரிக்கக் கழுகு பசிபிக்கின்மேல் பறக்கட்டும் என்று ஆசைப்பட்டவர்தான் அவரும். பாரிஸ் ஒப்பந்தத்தை உட்கார்ந்து வாசித்த பிறகு மனம் மாறினார். 1901 பிப்ரவரியில், இருட்டில் இருக்கும் மனிதனை விளித்து அவர் எழுதிய கட்டுரை அவருடைய நாட்டின்மேல் எழுதப்பட்ட மிகக் கடுமையான கட்டுரைகளில் ஒன்று. 1910-ல் சாகும்வரை ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். இதில் ஒன்றும் எங்கள் தாளில் இல்லை. ஓர் எழுத்தாளன் பத்திரத்தை வாசித்து மனம் மாறினான் என்பது என் தொழிலுக்கு மரியாதை சேர்க்கும் செய்தி என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இரண்டாவது பட்டுவாடா கியூபாவில். கியூபாவை அமெரிக்கா வாங்கவில்லை, பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. சுதந்திரம் கொடுத்து, அந்தச் சுதந்திரத்தின் விதிமுறைகளை 1901-ல் தானே எழுதிக் கொடுத்தது. 1903-ல் குவான்டனாமோ வளைகுடாவைக் குத்தகைக்கு எடுத்தது. பிற்பாடு ஆண்டு வாடகை 4,085 டாலர் என்று ஆயிற்று. 1959-ல் புரட்சி அரசாங்கம் ஒரு காசோலையை மாற்றியது. குழப்பத்தில் நடந்துவிட்டது என்று பிறகு விளக்கம் சொல்லப்பட்டது. அதற்கப்புறம் வந்த காசோலைகளை காஸ்ட்ரோ மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். காசோலையை மாற்றினால் குத்தகையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இழுப்பறையில் காலாவதியாகிக் கிடக்கும் காசோலையும் ஓர் அரசியல் எழுத்துதான் என்பது பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு உடனே விளங்கும்.

2

மூன்றாவது காசோலை நமக்கு வந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் இந்திய அரசாங்கத்திடம் கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய். அன்றைய தேதிக்கு உலகத்தில் எழுதப்பட்ட மிகப் பெரிய காசோலை என்று சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அமெரிக்காவின் கையில் இத்தனை இந்திய ரூபாய் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு விடை, கோதுமை.

1954 ஜூலை 10 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் பி.எல். 480. அமெரிக்க விவசாயியிடம் தேங்கிப்போன தானியத்தை வெளியே தள்ளியாக வேண்டும். நம்மிடம் டாலர் கிடையாது. 1956 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தம் ஆயிற்று: ரூபாயில் விலை கொடுத்தால் போதும். அந்த ரூபாய் அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே ஒரு கணக்கில் ஏறும். அதிலிருந்து பெரும்பகுதியை நமக்கே கடனாகக் கொடுப்பார்கள். ஒரு பகுதி தூதரகச் செலவுக்கு, ஒரு பகுதி இங்கே தொழில் நடத்தும் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடன். பணம் நம் நாட்டைவிட்டு ஓரடி நகரவில்லை. பேரேட்டில் பெயர் மட்டும் அவர்களுடையது. மணிலாவுக்குப் போர்க்கப்பலும் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டன. இங்கே ஒரு கணக்குப் புத்தகம் போதுமானதாக இருந்தது. 1898-க்கும் 1956-க்கும் நடுவில் ஏகாதிபத்தியம் கற்றுக்கொண்ட பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கை வைத்திருப்பவன் அதைக் காட்டி என்ன செய்யலாம் என்பது 1965-லும் 1966-லும் தெரிந்தது. இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966-ல் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று; பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. ஜான்சன் மொத்தமாக அனுப்பாமல் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து மாதாமாதம் கப்பலை விடுவித்தார். வியத்நாம் மீது குண்டு போடுவதைப் பற்றி தில்லி வாய் திறந்தால் அடுத்த கப்பலின் தேதி தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை இரவு ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது இந்தக் காலத்தில்தான். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாயச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து நம் விவசாயக் கொள்கையைப் பேசி முடித்தார். 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆயிற்று.

என் அப்பா அப்போது சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கு கேர் ஸ்தாபனத்தின் சாமான்கள் வந்தன: கோதுமை ரவை, மஞ்சள் மாவு, பால் பவுடர், எண்ணெய் டின். டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்த டின்னில் ஒன்று பல வருஷம் எங்கள் பாட்டியிடம் நெல் அளக்க இருந்தது. ஏகாதிபத்தியம் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அப்பா குறுக்கிடுவார்: “நீ பசிச்சு உக்காந்தவன் இல்லடா. அந்த மஞ்ச உப்புமா வரலேன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டேன். என்ன வேணா எழுது, அது கெட்டுப்போன மாவுன்னு மட்டும் எழுதாத.” அப்பா சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பசித்தவன் கையில் விழுந்த உணவு உணவுதான். அதற்குப் பின்னால் ஓடிய கணக்கு கணக்குதான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கிற வாதம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எனக்கு ஒப்புதலில்லை.

இந்த இடத்தில் ஓர் உருவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்த்தீனியம் செடி அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். கச்சிராயபாளையம் சாலையின் இருபுறமும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. ஆடு தின்னாது, தொட்டால் அரிக்கும். ஏகாதிபத்தியத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த படிமம். எழுதியும் அனுப்புகிறார்கள். தேதியைப் பார்த்தால் சிக்கல். புனேயில் அந்தச் செடி 1955-ல் கண்ணில் பட்டு 1956-ல் பதிவாயிற்று, பி.எல். 480 ஒப்பந்தமே 1956 ஆகஸ்டில்தான். 1951-ல் கடனாக வந்த அமெரிக்கக் கோதுமையைச் சொல்லலாம். அதற்கும் வெகு காலம் முன்பே செடி இந்தியாவில் இருந்ததற்குத் தாவரவியலாளர்கள் சான்று காட்டுகிறார்கள். கோதுமையோடு பரவியிருக்கலாம், நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை நிச்சயமாகச் சொல்ல உதவும் படிமம் மோசமான படிமம் என்பது என் கருத்து. எதிரிமேல் எய்தாலும் அது மோசமானதுதான்.

3

கோதுமைக் கணக்கு நம் வட்டத்தைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. 1958-ல் ஜான் டிங்கெல் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அந்த ரூபாயில் புத்தகம் வாங்கலாம் என்று ஆயிற்று. 1962-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தில்லியில் அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகளில் அச்சாகும் புத்தகங்களும் பத்திரிகைகளும் வாங்கப்பட்டு, சிகாகோ, பெர்க்லி, விஸ்கான்சின் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுக்கட்டாகப் போயின. தமிழ்ப் புத்தகங்களும் போயின. இங்கே முந்நூறு பிரதி அச்சடித்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்ட சிறுபத்திரிகைகளும் சேர்ந்து போயின. என் அப்பா தின்ற கோதுமை வகையறாவின் விலையில் நம் புதுக்கவிதை சிகாகோ போய்ச் சேர்ந்தது. ரூபாய்க் கணக்கு முடிந்த பிறகும் தில்லி அலுவலகம் மூடப்படவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்களில் சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கோபம். இரண்டுக்கும் முன்னால் ஒரு செய்தியை வைக்க விரும்புகிறேன். 1962-ல் ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கணம் தேடப் போன இடத்தில், உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். அதன் பலன் 1967-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. ஆங்கிலம் படித்த என் போன்ற பலர் குறுந்தொகையைக் கவிதையாக முதலில் உணர்ந்தது அந்த ஆங்கிலத்தில்தான். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வாழ்நாள் சேகரிப்பை 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நூலகமாகச் சென்னையிலேயே நிறுத்தியது. அப்படி நிகழாவிட்டால் அந்தச் சேகரிப்பு என்ன ஆகியிருக்கும் என்பது நம் பழைய புத்தகக் கடைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1950-ல் பெர்லினில் தொடங்கிய கலாசாரச் சுதந்திரக் காங்கிரஸ் 1951-ல் பம்பாயில் மாநாடு கூட்டியது. லண்டனில் 1953-ல் ‘என்கவுன்டர்’, பம்பாயில் 1955-ல் நிஸிம் எஸகியேலை ஆசிரியராகக் கொண்ட ‘குவெஸ்ட்’ என்று பத்திரிகைகள் வந்தன. நல்ல பத்திரிகைகள். 1966-லும் 1967-லும், காங்கிரஸின் பின்னால் இருந்த பணம் சி.ஐ.ஏ.வினுடையது என்று அம்பலமாயிற்று. ஸ்டீஃபன் ஸ்பென்டர் ‘என்கவுன்டரி’லிருந்து விலகினார். அதன் எதிரொலியாக நம் பக்கத்துச் சண்டைகளிலும் ‘சி.ஐ.ஏ.’ வசையாயிற்று. உருவம் பற்றிப் பேசினால் சி.ஐ.ஏ., தனிமனிதனைப் பற்றி எழுதினால் சி.ஐ.ஏ. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கி, பத்திரிகையையும் புத்தகங்களையும் கையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்த சி.சு. செல்லப்பாவின் கணக்கைப் பார்க்கிறவன் அந்த வசையை ஒரு நிமிஷம்கூட நம்ப மாட்டான். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் என்ன விலைக்குக் கிடைத்தன, அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாயிற்று என்று வசை பாடியவர்கள் கேட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

பணம் எதை எழுத வைத்தது என்று தேடுவது வீண்வேலை. எதை எழுதாமல் வைத்தது என்று பார்க்க வேண்டும். 1958-ல் ட்வைட் மக்டொனால்ட் அமெரிக்காவைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கட்டுரையை, அவர் முன்பு பணியாற்றிய ‘என்கவுன்டரே’ போட மறுத்தது. என் கல்லூரித் தாளில் மார்க் ட்வைனின் பாதி இல்லாமல் போனதும் இதே ஜாதிதான். அதற்கு யாரும் பணம் கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை, பழக்கமே போதும். கவிதையைக் கவிதையாகப் பார், பின்னணி தேவையில்லை என்று நான் படித்த அமெரிக்க விமர்சன முறை எனக்குக் கவிதையை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அதை நான் விடப் போவதில்லை. ஆனால் கவிதையைச் சுற்றியிருக்கும் மௌனத்தை வாசிக்க அது கற்றுக்கொடுக்கவில்லை. அதை நான் பாங்க்கில்தான் கற்றுக்கொண்டேன்.

4

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. மலைமேல் ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நடந்தது. மொய்னிஹனின் காசோலையைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த 1974-ல், பஸ் போகும் தூரத்தில், மலையாளிப் பழங்குடிகள் தங்கள் ஜாகீர்தாருக்கு உட்பட்ட குடிகளாக இருந்தார்கள். வாஷிங்டனை எதிர்த்து வந்த தமிழ்க் கவிதைகளில் நான் வாசித்தவற்றில் இந்த மலை இல்லை. இது இடதுசாரிகளுக்கு மட்டும் சொல்வதல்ல. வெள்ளிமலையின் பனியையும் மேகம் அருவியையும் படிமமாக்கிய நம் ஆட்களும் மலைமேல் நிலம் யார் பெயரில் இருந்தது என்று கேட்கவில்லை.

மலையிலிருந்து வரும் ஒரு மூதாட்டி எங்கள் கிளைக்கு வாடிக்கை. நூறு நாள் வேலைக் கூலி அவர் கணக்கில் ஏறும். ஒரு தடவை பாஸ்புத்தகத்தில் பதிந்து கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடமே நீட்டினார். “இதுல எவ்ளோ இருக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் சார் எனக்குத் தெரியும். நீங்க இல்லாத நாள்ல வேற யாராச்சும் சொல்றதுதான்.” தொகையைச் சொன்னேன். “சரிம்மா?” என்று கேட்டேன். “நீங்க சொன்னா சரிதான்” என்றார். சாமை விளைவித்து வியாபாரியிடம் விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குகிறவர் அவர். சாமைக்கு என்ன விலை என்பதும் வியாபாரி சொன்னால் சரிதான்.

பணம் அவருடையது, புத்தகம் அவர் பெயரில், படிக்கிறவன் நான். 1956-ல் நம் ரூபாய்க்கு நேர்ந்ததும், சிகாகோவில் நம் புத்தகங்களுக்கு நேர்ந்திருப்பதும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. ஏகாதிபத்தியம் என்றால் அடித்துப் பிடுங்குவது என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இந்த ஏற்பாடு நம் கண்ணில் படுவதில்லை. உன் பொருளைப் பற்றி உன்னைவிட அதிகம் தெரிந்தவனாக இன்னொருவன் ஆகிவிடுவது, அதற்கு அவனுக்கு நீ நன்றியும் சொல்ல வேண்டியிருப்பது, இதுதான் அதன் நிதானமான வடிவம். இந்த வடிவத்துக்குக் கடல் கடந்து வர வேண்டிய அவசியம்கூட இல்லை.

5

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பீரோ. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷச் சிறுபத்திரிகைகள் அவரிடம் இருக்கின்றன. கண் மங்கிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். ஒரு நூலகத்தில் கேட்டோம். இடமில்லை, முழு வரிசையாக இருந்தால் யோசிக்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் திட்டத்துக்காக இதழ்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார். மேலே எழுதியிருப்பதில் பாதியை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, இங்க வெச்சிருந்தா கரையான் படிக்கும். அங்க போனா அவன் படிப்பான். நீங்கல்லாம் எப்ப படிக்கப் போறீங்க?”

அவர் கேள்விக்கு ஏகாதிபத்திய எதிர்ப்பில் பதில் கிடையாது. கொடுக்க மாட்டோம் என்று இழுப்பறைக்குள் போட்டு வைக்க காஸ்ட்ரோவுக்கு ஒரு நாடு இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு பீரோவும் கரையானும். அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. படமெடுத்த பிறகு எந்த இதழில் யார் எழுதினார்கள், எந்தப் புனைபெயருக்குள் யார் இருந்தார்கள், எந்தக் கட்டுரைக்கு எது பதில் என்பதை அங்கே உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடித்து எழுதுவார். நாளைக்கு நம் சண்டைகளின் அர்த்தத்தை அவர் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த மூதாட்டி பாஸ்புத்தகத்தை என்னிடம் நீட்டியதைப்போல.

ஆகவே கொடுக்கலாம் என்றேன், இரண்டு நிபந்தனைகளோடு. படமெடுத்த பின் இதழ்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். போவதற்கு முன் பட்டியலை நாமே எழுத வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். கேட்டவர்களும் ஒப்புக்கொண்டார்கள், அவர்கள் தரப்பில் ஒரு முகச்சுளிப்பும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். அட்டை கிழிந்த இதழைக் கையில் கொடுத்தால், தாளைத் தடவி, நான் முதல் வரியை வாசித்ததும் எழுதியவர் பெயரையும் அவர் யாரோடு சண்டையில் இருந்தார் என்பதையும் சொல்வார். நானூற்றுச் சொச்சம் இதழ்கள். பன்னிரண்டு புனைபெயர்கள் அவிழ்ந்தன. மூன்று அவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினோம். பட்டியலுக்கு மூன்று பிரதிகள். ஒன்று இதழ்களோடு போகிறது, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இந்த இதழ்களில் எழுதியவர்களோ அவர்களைச் சேர்ந்தவர்களோ இதைப் படித்தால், தெரியாமல் விட்ட மூன்று பெயர்களை எழுதி அனுப்பலாம். இடம் விட்டு வைத்திருக்கிறோம்.